கவுண்டருக்கு அப்பால் அறம்

நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியதாரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். என் அம்மாவுக்கு விரல் ரேகை தேய்ந்துவிட்டது, கருவி ஏற்கவில்லை. கவுண்டரில் இருந்த இளைஞர், "உட்காருங்க பாட்டிம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அன்பொழுகக் கேட்டார். பிறகு, "மெஷின் எடுக்கல, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் இருந்த அம்மையார் முகத்தில் சிரிப்பே இல்லை. அம்மாவின் விரலை ஈரத்துணியால் துடைத்தார், வேறு விரலை வைத்துப் பார்த்தார். அதுவும் ஆகவில்லை என்றதும், 2021-இல் வந்த முகம் காட்டும் முறைக்கு மாறி, கைபேசியிலேயே முடித்துவிட்டு, "அடுத்தது" என்றார்.

அம்மாவுக்கு என்னவோ அந்த இளைஞரைத்தான் பிடித்திருந்தது. முதியவர்களுக்குக் கடுகடுப்பு வலிக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கருணை இருவரில் யாரிடம் இருந்தது? திருக்குறளில் விருந்தோம்பல் 9-ஆம் அதிகாரம், இனியவை கூறல் 10-ஆம் அதிகாரம். சோறு போட்ட பிறகுதான் சொல்லின் இனிமை என்றே அந்த வரிசையை நான் படிக்கிறேன். அந்த அம்மையார் துடைத்த விரலில் இருந்தது கருணை.

கவுண்டரில் அமர்ந்திருப்பவர்களே, முதலில் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு சிரியுங்கள்.