முதற்குடி யார்?

"நாமே முந்தி வந்தோம்" என்னும் கூற்று இந்நாட்டில் நிலத்துக்கும் கோயிலுக்கும், ஏன், கிணற்றுக்குங்கூட உரிமைச் சாசனமாகிவிட்டது. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த தலம் என்பது சைவர் மரபு. புராதன விகாரையொன்று இருந்த இடம் என்பது பௌத்தர் சிலரின் வாதம். பழைய பிள்ளையார் கோயிலின் நிலத்தில் விகாரை எழுப்பும் முயற்சியை எதிர்த்து 2019 யூலையில் தமிழ் மக்கள் திரண்டனர். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இரு சாராரும் துணைக்கழைத்தது பழைமையையே.

பழைமையே அளவுகோலாயின், அதனை இறுதிவரை நீட்டிப் பார்த்தல் வேண்டும்.

இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கிறங்கிச் சூடேறி மீள்வதே நமது வெந்நீரூற்று. கன்னியாவின் சூடு ஏறத்தாழ 40 பாகை செல்சியசு. மகாஓயாவில் 50க்கும் மேல். இத்தகைய ஊற்றுக்களில் வெப்பந்தாங்கும் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. 1960களில் அமெரிக்காவின் யெலோஸ்டோன் ஊற்றுக்களை ஆராய்ந்த தோமஸ் புரொக், உயிர் தழைக்காதென்று பலரும் எண்ணியிருந்த 70 பாகைச் சூட்டில் ஒரு பற்றீரியா இனிது வாழக் கண்டார். அதிலிருந்து முதலிற் பெறப்பட்ட நொதியமே பின்னர் பீ.சீ.ஆர். பரிசோதனையை எளிதாக்கிற்று. 2020இல் கொட்டாஞ்சேனை முடக்கப்பட்டிருந்தபோது வீடுதோறும் நம்மவர் அஞ்சியிருந்தது அப்பரிசோதனையின் முடிவை எதிர்பார்த்தே.

ஆதி உயிரும் இத்தகையதுதானா? இன்றுள்ள உயிர்கள் யாவற்றுக்கும் பொதுவான மூதாதை ஒட்சிசனற்ற வெப்பச் சூழலில் ஐதரசனைக் கொண்டு வாழ்ந்ததென, 355 பரம்பரையலகுக் குடும்பங்களை ஆதாரமாகக் கொண்டு யேர்மனியின் டுசல்டோர்ப் ஆய்வாளர் 2016இல் கூறினர். மறுப்போரும் உளர். ஆர்.என்.ஏ. சூட்டில் விரைந்து சிதைவது. ஆகவே உயிர் தணிந்த நீரில் தோன்றியிருக்கலாம், பின்னர் நேர்ந்த பெருவெப்பத்தில் சூடு தாங்கியவை மட்டும் எஞ்சியிருக்கலாம் என்பர். அவ்வாறாயின் 'ஆதி' என்று நாம் சுட்டுவது பிழைத்தவற்றுள் மூத்ததையேயன்றி முதலாவதையன்று.

இத்துறையில் நம் நாட்டவரொருவரின் பெயர் உலகறிந்தது. காலியிற் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னையில் தத்துவம் பயின்று, இலண்டனில் மார்க்சிய விஞ்ஞானி பேர்னலிடம் கற்று, நாசாவில் ஆய்வு செய்தவர். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவர் குழுவினர் 1970இல் காட்டினர். உயிரின் மூலப்பொருள்களிற் சிலவே இப்புவிக்கு வந்தேறியனவாக இருக்கக்கூடும்!

இதனை வெள்ளவத்தையில் என் வகுப்பிற் சொன்னபோது, பதுளையைப் பூர்வீகமாகக் கொண்ட மாணவன் ஒருவன் எழுந்தான். "அப்படியானால் எல்லாரும் வந்தேறிகள்தானே, சேர்? கன்னியாவுக்கு ஏன் சண்டை?" அவனது பாட்டனாருக்குப் பிரசாவுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே கிடைத்ததாம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிடம் உழைப்பைப் பற்றிக் கேட்கவில்லை. தந்தை பிறந்த இடத்தைக் கேட்டது. அவர்களை 'இந்தியர்' என ஒதுக்கிய யாழ்ப்பாணத்து வாய்களும் அன்று குறைவில்லை.

அவன் கேள்வி நியாயமானது. ஆயின் "எல்லாரும் வந்தேறிகள்" என்பதை யார் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அதிகாரமுடையோன் வாயில் அது பறித்ததை வைத்துக்கொள்வதற்கான சாக்காகிறது. கன்னியாவில் தாய்க்கு எள்ளும் நீரும் இறைக்கும் பெண்ணின் உரிமை இராவணனிடமிருந்து வந்ததன்று. ஆகவே இராவணன் கதை பொய்த்தாலும் அது பொய்க்காது. அவள் அங்கு வருகிறாள், அவளுடைய தாயும் வந்தாள். அதே நீரில் குளிக்க வரும் சிங்களக் குடியானவனுக்கும் தொல்பொருட் சான்று எதுவும் வேண்டியதில்லை.