'இயற்கையின் ஒழுங்கு' என்பதும் வாயில்லாச் சீவனும்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையிலே 365ஆம் பிரிவு என ஒன்றுண்டு. 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகப் பிறந்த அக்கோவையின் இப்பிரிவு, இயற்கையின் ஒழுங்குக்கு மாறாக ஆணொருவனுடனோ பெண்ணொருத்தியுடனோ விலங்கொன்றுடனோ உடற்சேர்க்கை கொள்பவனைப் பத்தாண்டு வரை சிறையிலிட வழிசெய்கின்றது. ஆண், பெண், விலங்கு என்னும் மூன்று சொற்கள் ஒரே வரியில் நிற்கின்றன. தன் விருப்பத்தைச் சொல்லக்கூடிய மனிதனும், எதையும் சொல்லவியலாத பசுவும் ஆடும் எவ்வாறு ஒரே குற்றத்தின் இரு முனைகளாயினர்? யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நீதிமன்றங்கள் இன்றும் கைக்கொள்ளும் சட்டம் இதுவாதலால் இக்கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்குண்டு.

விலங்குப் புணர்ச்சி பற்றிப் பேசுவதே அநாகரிகம் என முகஞ்சுளிப்போர் இருப்பர். அந்தச் சுளிப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியாவுக்கான தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை 1837இல் முடித்த மெக்காலேயின் ஆணைக்குழு, இக்குற்றம் பற்றிய பிரிவுகளை வரைந்துவிட்டு, அவற்றுக்கு விளக்கம் எழுத மறுத்தது. இது பற்றிப் பொதுவிலே விவாதம் எழுந்தால் சமூகத்தின் ஒழுக்கத்துக்கு நேரும் கேடு, சட்டத்தைத் துல்லியமாக வரைவதால் வரும் நன்மையிலும் பெரிது என்பது அவர்கள் வாதம். களவுக்கும் கொலைக்கும் பக்கம் பக்கமாகக் காரணம் சொன்னவர்கள், பல கோடி மக்களைக் கட்டுப்படுத்தப்போகும் ஒரு விதிக்குக் காரணம் சொல்ல வெட்கப்பட்டார்கள். அவ்வரைவு பல திருத்தங்களின் பின் 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டமாகி, அதன் 377ஆம் பிரிவாக இவ்விதி அமைந்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டே இலங்கைக் கோவையும் எழுதப்பட்டது. யாருக்குத் தீங்கு, என்ன தீங்கு என்ற கேள்வி எழுமுன்னரே தண்டனை எழுதி முடிந்துவிட்டது.

மெக்காலேக்கு இக்கருத்து எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1533இல் வந்த சட்டம் முன்னிற்கும். அதுவரை திருச்சபையின் நீதிமன்றங்களுக்கு உரியதாயிருந்த பாவத்தை அது அரசின் குற்றமாக்கி மரணதண்டனை விதித்தது. ஆணோடு ஆண் சேர்வதும் விலங்கோடு மனிதன் சேர்வதும் அதிலே ஒரே பெயரால் அழைக்கப்பட்டன. அம்மரணதண்டனை 1861 வரை ஏட்டிலிருந்தது. இன்னும் பின்னே சென்றால் பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் வரும். அங்கே மனிதனும் கொல்லப்படவேண்டும், விலங்கும் கொல்லப்படவேண்டும். விலங்கு செய்த குற்றம் யாது என்று எவரும் கேட்கவில்லை. தீட்டுப்பட்ட பொருளை அழிப்பது போல அதனை அழித்தார்கள். அதற்கும் முற்பட்ட ஹித்தைத்தரின் சட்டங்கள் இன்னொரு விசித்திரத்தைக் காட்டுகின்றன. பசு, செம்மறி, பன்றி, நாய் ஆகியவற்றுடன் சேர்தல் மரணத்துக்குரிய குற்றம். குதிரையுடனோ கோவேறு கழுதையுடனோ சேர்தல் குற்றமன்று. இங்கே இயற்கை என்பது ஒன்றா, இரண்டா? அந்தச் சமூகம் எவ்விலங்கை எப்பயனுக்கு வைத்திருந்தது, எதனைச் சடங்குத் தூய்மையோடு பிணைத்திருந்தது என்பதே விதியைத் தீர்மானித்திருக்கவேண்டும்.

பாரத நாட்டுப் பழைய நூல்கள் இவ்விடயத்தில் கடுமை காட்டவில்லை என்று பெருமை பேசுவோர் உளர். தகவல் சரியே. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் விலங்குடன் சேர்ந்தவனுக்குப் பன்னிரண்டு பணம் அபராதம் விதித்து விட்டுவிடுகின்றது. மனுவின் நூல் அதனைப் பிராயச்சித்தத்தால் கழியும் பாவமாகக் கொள்கின்றது. ஆனால் பெருமைப்படுமுன் அர்த்தசாஸ்திரத்தின் அதே அத்தியாயத்தில் வேறோரிடத்தையும் வாசித்தல் வேண்டும். பிராமணப் பெண்ணுடன் சேர்ந்த சூத்திரனைப் பாயிலே சுற்றி எரிக்கவேண்டும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கின்றது. விலங்கைத் தொட்டவனுக்குப் பன்னிரண்டு பணம். வருண எல்லையைத் தாண்டியவனுக்கு நெருப்பு. ஐரோப்பியன் தன் கடவுளின் ஒழுங்கைக் காத்தான். நம்மவர் தம் சாதியின் ஒழுங்கைக் காத்தார்கள். இரண்டிடத்தும் விலங்கின் வேதனை கணக்கிலில்லை. இரண்டாவது வழக்கிலே அந்தப் பெண்ணின் விருப்பமும் பொருட்டன்று.

தண்டனை அடைந்தோர் யார் என்பதும் நோக்கற்பாலது. சுவீடனில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இக்குற்றத்துக்காக நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பண்ணைக் கூலிகளும் மாடு மேய்த்த இளைஞரும் சிறுவருமே. பிரபுக்களின் பெயர்களை அப்பட்டியலில் தேடிப் பயனில்லை. நரக பயத்தால் தாமாகவே வந்து ஒப்புக்கொண்டு மரணதண்டனை பெற்றோரும் அவர்களுள் இருந்தனர். அமெரிக்காவின் பிளிமத் குடியேற்றத்தில் 1642இல் தோமஸ் கிரேஞ்சர் என்ற இளம் வேலைக்காரன் தூக்கிலிடப்பட்டான். அவன் கண்ணெதிரே முதலில் விலங்குகள் கொல்லப்பட்டன. இதற்கு மாறான ஒரேயொரு காட்சி பிரான்சிலே கிடைக்கின்றது. 1750இல் வான்வ் என்னும் ஊரில், பெண்கழுதையுடன் சேர்ந்த குற்றத்துக்காக ஜாக் ஃபெரோன் என்பவனுக்கு மரணம் விதிக்கப்பட்டது. கழுதையோ விடுதலை பெற்றது. ஊர்க் குருவும் ஊராரும் அது நல்லொழுக்கமுடையது என்று கையெழுத்திட்டுச் சான்று கொடுத்தார்களாம். அது வன்முறைக்கு ஆளானதேயன்றித் தன் விருப்பத்தோடு உடன்பட்டதன்று என நீதிமன்றம் கொண்டது. வாசிக்கும்போது சிரிப்பு வருகின்றது. ஆயினும் இவ்வளவு நீண்ட வரலாற்றில், விலங்கு இதற்கு இணங்கியதா என்று கேட்ட நீதிமன்றம் அந்தச் சிரிப்புக்கிடமான நீதிமன்றம் ஒன்றுதான்.

இனி நமது குடாநாட்டைப் பார்ப்போம். 1658இலிருந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தரின் உரோம-டச்சுச் சட்டமும் இதனை மரணத்துக்குரிய குற்றமாகவே கொண்டிருந்தது. அவ்வொல்லாந்தரே 1707இல் நம்மவரின் வழக்காறுகளைத் தேசவழமை எனத் தொகுத்தனர். அதிலே அடிமைகள் பற்றித் தனிப்பகுதியே உண்டு. ஒருவருடைய அடிமை இன்னொருவருடைய அடிமைப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் உடைமையாளருக்கே உரியர் என்பது அதிலுள்ள விதி. கன்று பசுவின் சொந்தக்காரனுக்கு என்ற பட்டியின் நியாயமும் இதுவும் வேறல்ல. கொக்குவிற் பக்கத்துச் செம்மண் தோட்டங்களிலே புகையிலைக்கு எரு வேண்டி இரவில் மாட்டுப்பட்டி அடைத்த காலத்தில், மாடு என்பது எரு, உழைப்பு, பால், விற்றால் பணம். மாடு என்ற சொல்லையே செல்வம் என்னும் பொருளில் வள்ளுவர் ஆண்டிருக்கின்றார். அந்தச் செல்வக் கணக்கில் மனிதரையும் சேர்த்து எழுதிய சமூகம் நம்முடையது. இலங்கையில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேதான். அதுவரை அடிமைப் பெண்ணின் உடல்மீது உடையவனுக்கிருந்த அதிகாரத்தை இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது என எந்தச் சட்டமும் கூறியதில்லை.

இது பழங்கதை என ஒதுக்குவோர் அதே தண்டனைச் சட்டக்கோவையில் இரண்டு பிரிவுகள் முன்னே செல்லட்டும். 363ஆம் பிரிவு வன்புணர்ச்சியை வரையறுக்கின்றது. 1995இல் அது விரிவாகத் திருத்தப்பட்டபோதும், நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்பட்ட மனைவியைத் தவிர, மனைவியின் இணக்கமின்றிக் கணவன் சேர்வது அவ்வரையறைக்குள் வரவில்லை. அதே ஆண்டு 365அ பிரிவும் திருத்தப்பட்டது. ஆண்களுக்கிடையிலான 'அநாகரிகச் செயலை'த் தண்டித்து வந்த அப்பிரிவில் 'ஆண்' என்ற சொல் நீக்கப்பட்டு, பெண்களும் அதன் வலைக்குள் கொண்டுவரப்பட்டனர். மனமொத்த இரு பெண்கள் குற்றவாளிகள். மறுக்கும் மனைவியை வற்புறுத்தும் கணவன் குற்றவாளியல்லன். இயற்கையின் ஒழுங்கு எனச் சட்டம் மொழிவது யாருடைய ஒழுங்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அது குடும்பத்தின், வாரிசின், உடைமையின் ஒழுங்கு. மூன்று சொற்களும் ஒரே வரியில் நிற்பதற்குக் காரணமும் அதுவே: மூன்று செயலும் வாரிசைத் தரமாட்டா.

அப்படியாயின் அப்பிரிவை முழுதாகவே தூக்கியெறிந்துவிடலாமே என்பர் சிலர். பிரெஞ்சுப் புரட்சி அதைத்தான் செய்தது. 1791ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலிருந்து இரண்டு 'பாவங்களும்' ஒருங்கே மறைந்தன. மதகுருவின் கையிலிருந்து சட்டத்தைப் பறித்த அச்செயல் மகத்தானது. சுவீடன் 1944இலும் மேற்கு ஜேர்மனி 1969இலும் விலங்குப் புணர்ச்சியைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிரான்ஸ் 2004இலும், ஜேர்மனி 2013இலும், சுவீடன் 2014இலும், டென்மார்க் 2015இலும் அதனை மீண்டும் தடைசெய்தன. பார்ப்பதற்குப் பழைமைக்குத் திரும்பியது போலத் தோன்றும். உண்மையில் இது வேறொரு நியாயத்தின்மேல் எழுந்த வேறொரு சட்டம். பிரான்சிலும் ஜேர்மனியிலும் இது விலங்குகளை வதையிலிருந்து காக்கும் விதிகளுள்ளே வந்து சேர்ந்தது. இணங்கவோ மறுக்கவோ மொழியற்ற உயிரொன்றைத் தன் ஆதிக்கத்தில் வைத்திருப்பவன் அதன் உடலைத் தன் இச்சைக்குப் பயன்படுத்தலாகாது என்பதே இங்குள்ள வாதம். இவ்வாதத்தில் மனமொத்த மனிதர் இருவருக்கு இடமேயில்லை. அவர்கள் தாமாகவே அவ்வரியிலிருந்து வெளியே வந்துவிடுகின்றனர்.

இங்கே ஒரு கடினமான எதிர்க்கேள்வி உண்டு. மாணவர்கள் இதைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஆட்டை அறுக்கும்போது அதன் இணக்கத்தைக் கேட்டோமா? பசுவைச் செயற்கை முறையில் சினைப்படுத்தும்போது கேட்கின்றோமா? மெய்யியலாளர் பீட்டர் சிங்கர் 2001இல் எழுதிய கட்டுரையொன்றில், கொன்று தின்பதை ஏற்கும் சமூகம் இதற்கு மட்டும் அதிர்வது ஏன் என்ற தொனியில் எழுப்பிய கேள்வி பெருஞ்சினத்தைக் கிளறியது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சட்டங்கள், கால்நடை வளர்ப்பில் வழக்கமான செயல்களுக்கு விலக்களித்தே இக்குற்றத்தை வரையறுக்கின்றன. தொழிலின் இலாபத்துக்குச் செய்தால் வேளாண்மை, தனியொருவன் செய்தால் கொடுமை. முரண் வெளிப்படையானது. எனினும் அம்முரணிலிருந்து, எல்லாவற்றையும் அனுமதிப்போம் என்ற முடிவுக்குச் செல்வது தர்க்கமன்று. உணவின் தேவை பற்றி நாம் வாதிடலாம். சைவரும் புலால் உண்போரும் யாழ்ப்பாணத்திலே நெடுங்காலமாக வாதிட்டுத்தான் வருகின்றனர், நாவலர் கோயில் உயிர்ப்பலிக்கெதிராக நடத்திய போராட்டம் அதன் ஒரு பகுதியே. இச்சைக்காக வாயில்லாச் சீவனை வதைப்பதற்கு அத்தகைய தேவையொன்றைக் காட்டுவார் யாருமில்லை. எதிர்க்கேள்வி நேர்மையானதாயின் அது நம்மைக் கொல்களத்துக்கும், நெருக்கியடைத்த மாட்டு லொறிக்கும் அழைத்துச் செல்லவேண்டும்.

இவ்விரு நியாயங்களையும் பிரித்துப் பார்க்கத் தவறினால் என்ன நேரும் என்பதை அண்டை நாடு காட்டியிருக்கின்றது. 2018 செப்ரெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்துச் சேர்வதற்கு 377ஆம் பிரிவு பொருந்தாது எனத் தீர்த்தது. இணக்கமற்ற செயல்களுக்கும் விலங்குகளுக்கும் அப்பிரிவை அப்படியே விட்டுவைத்தது. அத்தீர்ப்பு நெடுநாள் போராடியோரின் வெற்றி. 2023இல் பாரதிய நியாய சன்ஹிதா எழுதப்பட்டபோது அப்பிரிவு முழுதுமே விடப்பட்டது. எஞ்சிய பகுதியைக் காக்கும்படி பாராளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தும் பயனில்லை. 2024 யூலை முதலாந் திகதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, விலங்குக்கு மட்டுமன்றி, வன்மத்துக்கு ஆளாகும் வயதுவந்த ஆணுக்கும் இருந்த பாதுகாப்பும் போயிற்று. அவ்வாண்டு ஓகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம் இவ்வெற்றிடம் பற்றி அரசைக் கேட்கவேண்டியதாயிற்று. விலங்குக்கு எஞ்சியது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்படி முதற் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை.

நம் நாட்டில் நிலைமை எதிர்ப்புறமானது. இங்கே 365ஆம் பிரிவு அப்படியே இருக்கின்றது. மனமொத்த வயதுவந்தோரைக் குற்றவாளிகளாக்கும் நிலையை மாற்றத் தனியார் உறுப்பினர் சட்டமூலம் ஒன்று முன்வைக்கப்பட்டது. அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. சட்டமூலம் நிறைவேறுமுன்னரே 2024 செப்ரெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது. விலங்குகளின் பக்கமோ 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது. அதற்குப் பதிலாக விலங்கு நலன் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்து கொடுத்தது. அடுத்தடுத்த அரசாங்கங்கள் அதனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாகக் காலம் கழித்தன. 1907இல் விதிக்கப்பட்ட அதியுயர் அபராதம் நூறு ரூபாய். அன்று அது ஓர் ஏழையின் பல மாதக் கூலி. இன்று அந்த நூறு ரூபாய்க்கு ஓர் இறாத்தல் பாண்கூட வாங்கமுடியாது.