மழை விட்டதும் யாரைக் கூப்பிடுவீர்கள்?

சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரத்தில்தான் கச்சேரிகள் களைகட்டும். 1927இல் மதராஸில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக, மறு ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசன் அங்கிருந்து வளர்ந்தது. சீசன் முடிந்த கையோடு புத்தகக் காட்சி. அது 1977இல் தொடங்கியது.

இரண்டுக்கும் தனியாகப் போகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். கேட்டால், "ஆபீஸ் வேலை சார், யாரையும் கூப்பிட நேரமில்லை" என்பார்கள். நம்பாதீர்கள். "இது கல்யாணியா, சங்கராபரணமா?" என்று காதருகே கிசுகிசுக்க ஓர் ஆள் இல்லாமல் என்ன கச்சேரி? (கேன்டீன் ரவா தோசைக்கும் பங்காளி வேண்டும், அதை யாரும் வெளியே சொல்வதில்லை.) புத்தகக் கடையிலும் அப்படித்தான். நாம் எட்டிக்கூடப் பார்க்காத அலமாரிப் பக்கம் நம்மை இழுத்துப் போகிறவர் நண்பர். வாங்கியதை முதலில் இரவல் கேட்பவரும் அவரே. திரும்பி வராது என்று தெரிந்தும் தாராளமாகக் கொடுக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் ஒருவரையாவது கூப்பிடுங்கள். ஆபீஸ் வேலை திங்கள்வரை காத்திருக்கும்.