இரங்கலும் கைமாற்றும்



நம்முடன் பணிபுரிந்த ஒருவர் மறைந்தால் இரங்கற் கூட்டம் கூட்டுகின்றோம். படத்திற்கு மாலையிட்டுத் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி, சிறிது நேரம் மௌனம் காக்கின்றோம். பின்னர் அவருடைய நற்குணங்களை ஒவ்வொருவராக எடுத்துரைக்கின்றோம். இவ்வாறு புகழ்வதனால் எவருடைய துயர் குறைகின்றது என்னும் கேள்வி சில நாட்களாக என் உள்ளத்தை உறுத்தி வருகின்றது.

தங்கவயற் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னர், நம்மவருள் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்பவராயினர். அவ்வண்டியில் பதினேழு ஆண்டுகள் என்னுடன் வந்து, ஒரே தொழிற்சாலையில் உழைத்த நண்பர் அண்மையில் காலமானார். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் முதலில் அடுத்தவருக்கு நீட்டுவார். மாலை வண்டி எத்துணைத் தாமதமாயினும், மகளின் பாடப் புத்தகத்தை ஒரு நாழிகையேனும் உடனிருந்து பாராமல் உறங்கமாட்டார். சம்பள நாளுக்கு முன் கைமாற்றுக் கேட்ட எவருக்கும் அவர் இல்லையென்றதில்லை.

கூட்டத்தில் என்னையும் சேர்த்து எழுவர் பேசினோம். எழுவரும் அந்தக் கொடைக் குணத்தையே போற்றினோம். நான் அநித்தியத்தைப் பற்றியும் நீளமாகவே பேசினேன். அவருடைய துணைவியார் தலை கவிழ்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பேசி அமர்ந்த பின்னரே, நண்பருக்கு நான் திருப்பித் தரவேண்டிய நாலாயிரம் ரூபாய் நினைவுக்கு வந்தது. பேசியவருள் வேறு மூவரும் அவருக்குக் கடன்பட்டவரே. அவர் கொடுத்தபோதெல்லாம் வண்டியில் அருகே அமர்ந்திருந்தவன் நான்.

சாரிபுத்திரர் பரிநிர்வாணமடைந்த செய்தியைச் சுந்தர் என்னும் சாமணேரர், அவருடைய பாத்திரத்துடனும் சீவரத்துடனும் சாவத்தி நகரில் ஆனந்தரிடம் கொணர்ந்தார். ஆனந்தருக்கு உடல் தளர்ந்தது, திசை தெரியவில்லை. சாரிபுத்திரர் சீலத்தையும் சமாதியையும் பிரஞ்ஞையையும் தம்முடன் எடுத்துச் சென்றுவிட்டாரா என்று பகவன் வினவினார். இவ்வினாவை மட்டும் பிடித்துக்கொண்டு, பௌத்தன் அழலாகாது எனத் துக்க வீட்டில் உபதேசிப்போர் உளர். (அன்று நானும் அதையே செய்தேன்.) ஆனந்தரின் மறுமொழியை அவர்கள் விட்டுவிடுகின்றனர். எடுத்துச் செல்லவில்லை, ஆயினும் அவர் எமக்கு அறிவுரை கூறியவர், சலியாது அறம் போதித்தவர், உடனுறை துறவியர்க்கு உதவியவர் என்று, தாம் பெற்றவற்றை அவர் எண்ணி எண்ணிக் கூறினார். ஆனந்தர் பெற்றுக்கொண்டவராய் நின்று பேசினார். நாங்களோ நற்சான்று வழங்குபவர்களைப் போல் பேசினோம்.

மொக்கல்லானரும் மறைந்த பின்னர், கங்கைக் கரையில் சங்கத்தை நோக்கிய பகவன், இச்சபை தமக்கு வெறுமையாய்த் தோன்றுகிறது என்றருளினார். ததாகதருக்குச் சோகமில்லை என்பது உண்மையே. ஆயினும் வெறுமையை அவர் மறைக்கவில்லை. அவ்வாறிருக்க, கணவனை இழந்தவரின் கண்ணீரைத் தடுக்க எமக்கு என்ன உரிமை?

இல்லறத்தானுக்கு வேறொரு கவலையும் உண்டு. நகுலபிதா கடும் நோயுற்றபோது, குடும்பத்தை எண்ணி ஏங்கியபடி உயிர்விட வேண்டாம் என்று நகுலமாதா அவரைத் தேற்றினார். பஞ்சு நூற்கவும் கம்பளி மயிரைச் சிக்கெடுக்கவும் தமக்குத் தெரியும், பிள்ளைகளைக் காப்பாற்றுவேன் என்பதே அவர் முதலில் அளித்த உறுதி. தம் சீலத்தையும் ஞானத்தையும் பின்னரே கூறினார். நகுலபிதாவும் நோய் நீங்கி எழுந்தார் என்கிறது அங்குத்தர நிகாயம். என் நண்பர் கடைசி நாட்களில் எதை எண்ணி ஏங்கினாரோ! மருத்துவமனைக்குச் சென்ற நாங்கள் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் வண்டியில் அம்மூவரிடமும் பேசினேன். ஒருவர் உடனே தந்தார். ஒருவர் இரண்டு மாதத் தவணை கேட்டார். மூன்றாமவர், கடன் வாங்கியதற்குச் சாட்சி யார் என்றார். நானே சாட்சி என்றேன். பெங்களூர் வரும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறன்று பணத்துடன் சென்றேன். அவ்வம்மையார் உடனே கைநீட்டவில்லை. எப்பொழுது கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று வினவினார். சென்ற ஆண்டு ஆடி மாதம், என் தாயாரின் கண் சிகிச்சைக்காக என்றேன்.

“அந்த மாதம்தான் செருப்பு வாங்கப் பணமில்லை என்று பழையதைத் தைத்துப் போட்டுக்கொண்டார், அண்ணா” என்று கூறி, அன்றுதான் என் முன்னிலையில் அழுதார். அழுது முடியும்வரை நான் அங்கேயே அமர்ந்திருந்தேன்.