நோன்பு ஒருவருக்கு, செலவு யாருக்கு?

இலங்கையில் பிறந்த குரு ஸ்ரீ சுப்பிரமணியம் 1973இல் வேல்ஸில் நிறுவிய ஸ்கந்த வேல் ஆசிரமத்தில் முருகன் குடிகொண்டிருக்கிறான். அங்கே வளர்ந்த சம்போ என்ற ஆறு வயதுக் காளைக்கு மாட்டுக் காசநோய் தொற்றியிருக்கலாம் என்று 2007 ஏப்ரலில் சோதனை காட்டியது. கொன்றாக வேண்டும் என்றது அரசு. கோயில் மாட்டைக் கொல்வது பாவம் என்றார்கள் துறவிகள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே வாரத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 26ஆம் தேதி சம்போவைக் கொன்றார்கள். கொல்லா நோன்பு நோற்பவர் ஒருவர், அதன் செலவைச் சுமப்பவர் மற்றொருவர் என்றால் அது அகிம்சை ஆகுமா என்பதே இந்த வழக்கு எழுப்பும் அறக்கேள்வி.

செலவு சிறிதில்லை. ஒரு மாட்டுக்கு நோய் கண்டால் பண்ணையே முடங்கும். மாடு, கன்றுகளை நினைத்தபடி விற்க முடியாது; விற்காதவற்றுக்கும் தீனி போட வேண்டும்; நோய் இல்லை என்று உறுதியாகும்வரை சோதனைகள் தொடரும். கொன்ற மாட்டுக்கு அரசு விலை கொடுக்கும். அது கறந்திருக்கும் பாலுக்குக் கொடுக்காது. எங்கள் மாடு சாக, கோயில் மாடு மட்டும் வாழலாமா என்று உழவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. துறவிகளிடமும் பதில் இருந்தது. சம்போ சந்தைக்கும் போகாது, கறிக்கும் போகாது. தனியே கட்டிவைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நோன்பின் சுமையைத் தாங்களே ஏற்க முன்வந்த அளவில் அவர்கள் வாதம் வலுவானது.

ஆனால் கிருமிக்கு வேலி தெரியாது. காட்டில் திரியும் பேட்ஜர் என்ற விலங்குகள் வழியாகவும் இந்நோய் பரவும். சம்போவின் உடலைக் கூறாய்ந்தபோது காசநோய்க்குரிய புண்கள் தென்பட்டன. தனிமைப்படுத்தினால் போதுமா என்பதைப் பக்தி முடிவுசெய்ய முடியாது. கால்நடை மருத்துவம்தான் சொல்ல வேண்டும். போதாது என்றால், துறவி பக்கத்துப் பண்ணையைப் பணயம் வைத்து நோன்பு நோற்கிறார். அப்போது இம்சை நீங்கவில்லை, இடம் மாறுகிறது. அப்படியானால் அரசு செய்ததே சரி என்று முடித்துவிடலாமா? அதே அளவுகோல் அரசுக்கும் பொருந்தும். ஊர் நன்மைக்காக மாட்டைக் கொல்பவர்கள், அந்த நன்மையின் செலவைப் பண்ணைக்காரர் தலையில் மட்டும் கட்டுவதும் இம்சையை இடம் மாற்றுவதுதான். கொல்லாதே என்பவர் வேலிக்குப் பொறுப்பேற்க வேண்டும். கொல் என்பவர் கறக்காமல் போன பாலுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.