கேட்டலும் தெளிதலும்

தொண்டை நாட்டின் வடவெல்லைக்கண் விளங்குவது திருத்தணிகை மலை. முருகப்பெருமான் சினந்தணிந்து அமர்ந்த பதி என்று பெரியோர் போற்றும் அம்மலைமேல் 365 படிகள் ஏறிச் செல்வது அடியார் வழக்கம். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் இத்தலம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழரும் தெலுங்கரும் அன்றுபோல் இன்றும் அப்படிகளில் ஒருங்கே ஏறுகின்றனர். படி அனைவர்க்கும் பொது. கருவறையோ நியதிக்கு உரியது. பல்கலைக்கழகத் தத்துவத் துறைகளில் நிகழும் பொதுச் சொற்பொழிவுகளும் ஆராய்ச்சிக் கருத்தரங்குகளும் சைவர்க்கு எத்துணைப் பயன்படும் என ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு பெரிதும் துணை செய்யும்.

தீக்கை பெற்று, ஆசிரியன் திருமுன் இருந்து, பக்குவத்திற்கேற்பச் சித்தாந்த சாத்திரங் கேட்டல் மடங்களின் மரபு. பல்கலைக்கழக மண்டபத்தின் வாயிலோ எவர்க்கும் திறந்திருக்கும். சமயம் உடையாரும் இல்லாரும் ஆண்டு உடனிருப்பர். பேசுவோர் தாம் பேசும் பொருளைக் கடைப்பிடித்தல் வேண்டும் என்னும் நியதியும் அங்கில்லை. பதி பசு பாசங்களை ஒரு மணி நேரங் கேட்டுக் கைதட்டிக் கலைதல் ஞானமாகுமோ, அன்றி ஞானத்தை எளிமைப்படுத்தி இழத்தலாகுமோ எனச் சைவருள் ஐயுறுவார் உளர். இவ்வையம் புறக்கணிக்கத் தக்கதன்று.

திருத்தணிகை தந்த பேரறிஞர் இருவர் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது. ஒருவர் கச்சியப்ப முனிவர். அவர் திருவாவடுதுறை ஆதீனத்து மாதவச் சிவஞான யோகிகளை அடுத்துக் கற்றுத் தணிகைப் புராணம் அருளி, 1790-ஆம் ஆண்டில் சிவபதம் எய்தினார். மற்றவர் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த சர்வேபல்லி இராதாகிருஷ்ணன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற காலத்தில், இந்து சமயத்தின்மேற் கிறித்தவர் நிகழ்த்திய தடைகளே தம்மை அச்சமய ஆராய்ச்சிக்குத் தூண்டின என்று அவரே கூறியுள்ளார். அதன் பயனாக வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றிய ஆய்வுரை 1908-இல் வெளிவந்தது. 1926-இல் ஆக்ஸ்போர்டு மான்செஸ்டர் கல்லூரியில் அவர் ஆற்றிய அப்டன் சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டே நூலாயின. 1936 முதல் 1952 வரை அவர் அப்பல்கலைக்கழகத்திற் கீழ்நாட்டுச் சமயங்களுக்கும் ஒழுக்கவியலுக்கும் உரிய பேராசிரியராக விளங்கினார். ஒருவர் குருமுகமாகப் பெற்றதை நூலாக்கினார். மற்றவர் அவைமுகமாக உலகிற்கு உரைத்தார். ஒரு மலையடியே இவ்விருவரையும் ஈன்றது.

அற்றேல், அவைமுகத்தாற் சைவத்திற்கு விளைந்த நன்மை யாது எனின், கூறுதும். இராதாகிருஷ்ணன் எழுதிய இந்திய தத்துவ நூலின் இரண்டாம் பகுதி 1927-இல் வெளிவந்தது. அதில் சைவ சித்தாந்தம் தனியியல் பெறாது, சாக்தத்தோடும் பிற்கால வைணவத்தோடும் ஓரியலில் அடங்கிற்று. இது கண்டு வருந்தினார் அவரைக் குறைகூறி அமைதல் போதாது. தம் வழக்கைத் தாமே மன்றேறி உரையாதார், பிறர் அதனைச் சுருக்கி உரைத்தனர் என்று வருந்தி யாது பயன்? 1960-இல் வ. ஆ. தேவசேனாபதி சிவஞான சித்தியாரையும் அதன் அறுவர் உரைகளையும் விரிவாக ஆராய்ந்த நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்நூலால் தமிழறியாத தத்துவ மாணவரும் சித்தியாரின் ஆழத்தைக் காணும் வாயில் பெற்றனர். அவைக்கண் உரிய முறையிற் புகுந்தவிடத்துச் சித்தாந்தம் குன்றுதலின்றி விளங்குதல் இதனாற் பெறப்படும்.

பிற மதத்தார் கூற்றைக் கேட்டற்கு அஞ்சுதல் சித்தாந்த மரபும் அன்று. சித்தியாரின் பரபக்கம் பிறர் மதங்களை முறையே எடுத்துரைத்துப் பின்னரே மறுத்தது. உமாபதி சிவாசாரியார் அருளிய, சகம் 1235, அஃதாவது கி.பி. 1313 என ஆண்டு குறிக்கப்பெற்ற சங்கற்ப நிராகரணமும் வாதத்தால் அமைந்ததே. எதிரியின் கொள்கையை அவனே ஒப்புமாறு எடுத்துக் கூறியபின் மறுத்தலே அறம். கருத்தரங்கு இவ்வறத்தைக் கற்பிக்குமாயின் அது பரபக்கத்தின் வழித்தோன்றலேயாம்.

ஆயினும் அதற்கு எல்லை உண்டு. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என ஞானநெறி நால்வகைப்படும். சொற்பொழிவு கேட்டலின்பாற்படும். தடைவிடைகளால் நிகழுங் கருத்தரங்கு சிந்தித்தற்கு வாயிலாம். ஏனைய இரண்டையும் மண்டபம் தரமாட்டாது. என்னை? சகலாகம பண்டிதராகிய அருணந்தி சிவாசாரியார் மெய்கண்டாரை அடைந்து, ஆணவ மலத்தின் சொரூபம் யாது என வினவினார். மெய்கண்டார் வாய்திறந்து விடை கூறாது அவரை நோக்கினார். செருக்கோடு வினவி நின்ற தம் நிலையே அதன் சொரூபம் என உணர்ந்து, பண்டிதர் அவ்வடிகளில் வீழ்ந்தார் என்பது வரலாறு.

இக்காலத்து அவையில் அதே வினா எழுமாயின், இலக்கணம் கூறுவார் பலர் எழுவர். தம் கல்வி தோன்ற வினவுவாரும், தம் அறியாமை தோன்றாமல் விடுப்பாரும் ஆணவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆணவத்தை வளர்ப்பர். மருந்தின் பெயரை மனனஞ் செய்தாற் பிணி நீங்காது. இத்தீங்கு பல்கலைக்கழகத்திற்கு மட்டும் உரியதன்று. மடத்துத் திண்ணையிலும் நிகழ்வதே. ஆதலின் குற்றம் இடத்தின்கண் இல்லை. கேட்பான் நெஞ்சின்கண் உள்ளது.

ஆகலின் சைவர் அவைக்குச் செல்க. பிறர் கூறும் தடைகளைப் பொறுமையோடு கேட்க. சொல்ல வேண்டுவனவற்றைக் காரணங்காட்டி உரைக்க. தீக்கைக்குரிய மந்திரமும் கிரியையும் ஆசிரியன்பாலே நிற்க. நியாயமும் கொள்கையும் அவைக்கு வருக. மீண்டபின், எழுந்த ஐயத்தை நூலோடும் நல்லாசிரியரோடும் வைத்து ஆராய்க. சொற்பொழிவின் பயனை அளக்குங் கோல் கைதட்டலன்று. மறுநாட் காலையில் வழிபாட்டின்கண் நெஞ்சம் முன்னினும் நெகிழ்ந்ததோ, மாறுபட்ட கருத்துடையானை நோக்குங்கால் வெகுளி முன்னினும் குறைந்ததோ என்பதே கோலாம். சினந்தணிந்த பெருமான் மலையில் ஏறுவார், தம் சினமுந் தணியாராயின் ஏறிய படிகள் எண்ணிக்கையளவாய் நின்றுவிடும். படியை இகழ்ந்தார்க்கு உச்சி இல்லை. படியிலே அமர்ந்தார்க்குந் தரிசனம் இல்லை.

திருச்சிற்றம்பலம்.