இயற்கை என்பது யாருடைய வேலை?

தமிழ் வகுப்பில் இயற்கை, செயற்கை என்ற இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டுவது எளிது. இயல்வது இயற்கை, செய்வது செயற்கை. ஒன்று தானாக நிகழ்வது, மற்றொன்று ஒருவர் கைவைத்து ஆக்குவது. களவியல் நடத்தும்போது இயற்கைப் புணர்ச்சியை இப்படித்தான் விளக்குகிறேன்: இடையில் யாரும் ஏற்பாடு செய்யாமல் தாமே எதிர்ப்பட்டுக் கூடுவது. மாணவிகளுக்கு உடனே புரிந்துவிடும். ஆனால் இந்தச் சொற்கள் அடுக்களைக்குள் நுழைந்ததும் தலைகீழாகிவிடுகின்றன. அங்கே 'இயற்கை உணவு' என்று பெயர் பெறுவதெல்லாம் ஒரு பெண் மிக அதிகமாகச் செய்ய வேண்டியவை. 'செயற்கை' என்பது உறையைக் கத்தரித்துக் கொட்டுவது.

குழந்தைக்கு முளைகட்டிய கேப்பைக் கூழ் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். (எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கேழ்வரகு கேப்பைதான்.) கல்லும் தூசியும் போகக் களைந்து ஊறப்போட வேண்டும். மறுநாள் நீரை வடித்து, வெள்ளைத் துணியில் முடிந்து வைக்க வேண்டும். முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். நமக்கு முன்னால் மிளகாய் திரித்திருக்கிறார்களா என்று கேட்டு, திரித்திருந்தால் வேறொருவர் அரிசி திரிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு சலித்து, ஆறவைத்து, டப்பாவில் அடைத்தால் மாவு தயார். கூழ் இனிமேல்தான். கட்டி தட்டாமல் கிண்டி, ஆற்றி, முதல் கரண்டியை ஊட்டினால் பிள்ளை அதைத் துப்பும்.

நல்ல உணவுதான். கேப்பையில் சுண்ணாம்புச் சத்து நிறைய, முளைகட்டினால் செரிப்பதும் எளிது. என் மகனுக்கும் அதைத்தான் ஊட்டினேன், அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நாள்கணக்கில் நீளும் இந்த வேலைக்கு 'இயற்கை' என்று பெயர் வைத்தபோது, அதைச் செய்தவள் எங்கே போனாள் என்பதுதான் என் கேள்வி.

தாய்ப்பாலில் இந்த மறைப்பு இன்னும் முழுமையானது. மழை போல, ஊற்றுப் போல அது சுரப்பதாகவே நாம் பேசுகிறோம். இரவில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து உட்கார்வதும், வெடித்த காம்பின் எரிச்சலும், கட்டிய மார்பின் காய்ச்சலும், கீழே வைத்தால் விழித்துவிடுமோ என்று மரத்துப்போன கையோடு அசையாமல் இருப்பதும் ஊற்றுக்குக் கிடையாது. எனக்குப் பிள்ளை பிறந்து பத்தாம் நாள் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எம்மா, பிள்ளைக்குப் பால் காணுதா?" உளுந்தங்களி கிண்டினார்கள், பூண்டு வதக்கினார்கள், பால்சுறா வாங்கிப் புட்டு அவித்தார்கள். அந்தக் கைகளின் அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை தட்டும் என் வழியாகப் பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தன. உனக்குத் தூக்கம் காணுதா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது 2009. அப்போது சட்டப்படி பேறுகால விடுப்பு 12 வாரம். நான் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்தேன். பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்த அறையில், கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்று பாலைப் பீய்ச்சித் துணியில் விட்டுவிட்டு, அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டென்று 1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன்கள் சட்டமே அப்போது சொன்னது. எங்கள் ஆசிரியர் அறையில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2017இல் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. நல்ல மாற்றங்கள். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 26 வாரத்தில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டவளுக்கு மிச்சம் 18 வாரம். இரண்டு பிள்ளைகள் இருந்து மூன்றாவது பிறந்தால் விடுப்பு 12 வாரம்தான், ஏதோ அந்தப் பிள்ளையின் வயிறு சீக்கிரம் முதிர்ந்துவிடும் என்பதுபோல. வயலிலும் வீட்டுவேலையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெண்களுக்கோ விடுப்பு என்ற சொல்லே இல்லை. அறிவுரை மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோல வந்துசேர்கிறது.

இப்படி எழுதினால் பால்மாவு விற்பவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று தோன்றலாம். இல்லை. சுத்தமான தண்ணீர் இல்லாத ஏழை நாடுகளில் பால்மாவைக் கொண்டுபோய்த் தள்ளியதற்காக 1977இல் பெருநிறுவனம் ஒன்றுக்கு எதிராகப் புறக்கணிப்பு இயக்கமே நடந்தது. 1981இல் உலக அளவில் விற்பனை நெறிமுறை வந்தது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவுக்கும் உணவுக்கும் விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரிகள் கொடுப்பதையும் தடைசெய்கிறது. அந்தச் சட்டம் வேண்டும். ஆனால் நிறுவனத்தைத் தடுக்க எழுந்த அதே குரல், பால் போதாத பெண்ணின் வீட்டுக் கூடத்தில் அவளைக் குற்றவாளியாக்கும் குரலாக மாறுவதை நான் ஏற்கமாட்டேன்.

பாட்டிகள் செய்ததெல்லாம் இயற்கை, ஆகவே நல்லது என்ற வாதமும் இருக்கிறது. அதில் பாதியைத்தான் நம்பலாம். முதல் மூன்று நாள் சுரக்கும் சீம்பாலைக் கெட்டதென்று பீய்ச்சிக் கொட்டியவர்களும் பாட்டிகள்தாம். பிறந்த பிள்ளையின் நாவில் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டுவைக்கும் சேனையும் மரபுதான். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் நஞ்சாகிவிடலாம் என்பது இன்று மருத்துவம் உறுதியாகச் சொல்லும் செய்தி. என் ஆச்சி ஆட்டுக்கல்லில் மாவாட்டித் தேய்ந்த மணிக்கட்டோடு வாழ்ந்தவள். கிரைண்டர் வீட்டுக்கு வந்த நாளில் அதற்குக் குங்குமம் வைத்தாள். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தபோது கேலி பேசியவர்கள் அநேகமாக மாவாட்டாதவர்கள். இப்போது 'கல்லில் அரைத்தது' என்று பலகை மாட்டிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வாங்க முடியாத வீட்டில், அந்தக் கல் மறுபடி யார் கைக்குத் திரும்பும்?

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். செய்யாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வெள்ளைச் சீனி வேண்டாம், பாக்கெட் மாவு வேண்டாம், நேற்றைய குழம்பு வேண்டாம் என்று வீடு எடுக்கும் ஒவ்வொரு நல்ல முடிவும் அந்த 299இன் மேல்தான் ஏறி உட்காரும்.

என் ஆய்வு மாணவி ஒருத்தி, ஏழு மாதக் கைக்குழந்தைக்காரி, நெறியாளர் சந்திப்பின் நடுவில் கேட்டாள்: "அம்மா, கடைச் சத்துமாவு கொடுத்தா நான் நல்ல அம்மா இல்லையாம்மா?" இது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. அந்த மாவு நல்லதா என்பது உணவு பற்றிய கேள்வி. அதற்கு உறையின் பின்பக்கத்தைப் படித்தால் போதும்: சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா, உப்பு எவ்வளவு, தானியம் எவ்வளவு. நல்ல அம்மாவா என்பது உணவு பற்றியதே இல்லை. அவள் கணவரும் அதே பிள்ளைக்கு அதே மாவைத்தான் கரைத்துக் கொடுக்கிறார். நல்ல அப்பாவா என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. எழுந்தாலும் அந்த மாவை வைத்து எழாது. பிள்ளைக்கு நல்ல உணவு கிடைக்க வேண்டும் என்பது பிள்ளையின் உரிமை, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஓர் உரிமை இருக்கிறது என்பதிலிருந்து, அதற்குக் கடன்பட்டவள் ஒரே ஒருத்தி என்பது எப்படிப் பிறக்கும்? தகப்பனும் அந்த வீடும் வேலை கொடுத்தவரும் அரசும் கடன்காரர்கள்தாம். எல்லாரும் அவளை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றுகொள்கிறார்கள்.

'குடும்பத்தின் ஆரோக்கியம்' என்ற தொடரிலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ரத்தசோகை உள்ளவர்கள். முருங்கைக்கீரையை ஆய்ந்து, வதக்கி, எல்லார் தட்டிலும் வைத்தவள் சட்டியின் அடியை வழித்துச் சாப்பிடுகிறாள் என்றால், அந்தக் குடும்பத்தில் அவளைச் சேர்த்தோமா?

சங்க இலக்கியத்தில் ஊட்டும் வேலை ஒருத்தியிடம் மட்டும் இல்லை. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. நற்றிணையின் 110ஆம் பாடலில், தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு, நரைத்த கூந்தல் செவிலியர் ஒரு சிறுமியின் பின்னால் ஓடி ஓடித் தளர்கிறார்கள். பாடம் நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள், தங்கள் வீட்டு மொட்டைமாடி நினைவுக்கு வரும். ஒரு தலைமுறையாவது ஊட்டும் உழைப்பைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறது என்று எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அது செல்வர் வீடு. செவிலியின் மகளே தோழி என்கிறது தொல்காப்பியம். தலைவியின் பின்னால் பொற்கிண்ணம் ஓடிய அந்த மாலையில், தோழிக்கு யார் ஊட்டினார்கள் என்று அந்தப் பாடல் சொல்வதில்லை. பணம் கொடுத்து இன்னொரு பெண்ணிடம் வேலையை மாற்றிவிடுவது நம் காலத்திலும் நடக்கிறது. அதில் ஒருத்தி இளைப்பாறுகிறாள், இன்னொருத்தியின் பிள்ளை காத்திருக்கிறது.

இதற்கு வேறொரு வழி நம் ஊரிலேயே இருக்கிறது, நாம்தான் அதை ஏழைகளின் ஏற்பாடு என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். 1982இல் விரிவான சத்துணவுத் திட்டம், அங்கன்வாடியின் சத்துமாவு, 2022இல் தொடங்கி மறுவருடம் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவு. மதியச் சோறு பள்ளியில் கிடைக்கிறது என்பதால் எந்தப் பிள்ளைக்கும் தாய்ப்பாசம் குறைந்துபோகவில்லை. குறைகளும் இருக்கின்றன. அங்கேயும் சமைப்பவர்கள் பெண்கள்தாம், கூலியும் குறைவு. ஆனால் அது கூலி. வேலை என்று பெயர் பெற்றுவிட்டதால் கூட்டிக் கேட்க முடியும்.

போன ஆண்டு பாளையங்கோட்டைக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளிக்குக் கதைசொல்லப் போயிருந்தேன். புதன்கிழமை, பொங்கலும் காய்கறிச் சாம்பாரும். மகளிர் குழுப் பெண் ஒருவர் வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தார். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டை நீட்டி, "எம்மா, கத்திரிக்காய் போடாத," என்றாள். அவர் மகள்தான். "பேசாமச் சாப்பிடுளா," என்று மற்றப் பிள்ளைகளுக்கு வைத்த அதே அளவு வைத்துவிட்டு, அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்.